கயிறு வெட்டி ஒட்டும் வித்தை: செட்டிநாட்டுப் பக்கம் கற்றுக்கொள்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கோடை விடுமுறையில் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று சொந்த ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் கயிற்று வித்தை சொல்லிக்கொடுப்பது வழக்கம். சில சமயம் பிள்ளைகளைக் கூட்டிவரும் அப்பாக்களே உட்கார்ந்து கற்றுக்கொண்டு போவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பார்ப்பவர்களுக்கு இந்த வித்தையில் என்ன தெரிகிறது?

ஒரே ஒரு கயிறு. நடுவில் மடித்து, கத்தரியால் வெட்டுகிறீர்கள். இரண்டு துண்டாகிவிடுகிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்டுகிறீர்கள். கயிற்றைக் கையில் சுற்றி, ஏதோ ஒரு மந்திரம் சொல்லி, அவிழ்த்தால் முடிச்சு இல்லை. முழுக் கயிறு. அவ்வளவுதான். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு இழுத்தால் ஆட்கள் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ரகசியத்தை இப்படி வெளியில் சொல்லலாமா? மேஜிக்காரர்கள் கோபப்பட மாட்டார்களா?

மேடையில் இன்னொருவர் பிழைப்புக்காகச் செய்யும் புது வித்தையைப் போட்டு உடைப்பது தப்பு. இது அந்தக் கணக்கில் வராது. இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் என்பவர் 1584-இல் ஒரு புத்தகம் எழுதினார். சூனியக்காரிகள் என்று பழி சுமத்தி அப்பாவிகளைத் தண்டித்த காலம் அது. ‘இதெல்லாம் பேய் வேலை இல்லை, கை வேலை’ என்று காட்டுவதற்காகப் பல வித்தைகளின் ரகசியத்தை அவர் அதில் விளக்கினார். நாடாவை வெட்டி மறுபடி முழுசாக்கிக் காட்டுவதும் அதில் உண்டு. நானூறு வருஷத்துக்கு மேலாக அச்சில் இருக்கும் சங்கதி. கற்றுக்கொள்ள வருபவருக்குச் சொல்லலாம். வேடிக்கை பார்க்க வந்தவரிடம் சொல்லாதீர்கள், அவருக்குத்தான் நஷ்டம்.

எந்தக் கயிறு வாங்க வேண்டும்?

பருத்திக் கயிறு. பின்னலாக நெய்தது, சுண்டுவிரல் கனம், வெள்ளை. நீளம் ஒன்றரை மீட்டர் போதும். காரைக்குடியில் கயிறு, சாக்கு விற்கும் கடைகளில் துணி காயப்போடும் கொடிக்கயிறு என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். ‘நைலான் வேண்டாம், பருத்தி’ என்று அழுத்திச் சொல்லுங்கள், இல்லையென்றால் நைலானைத்தான் கட்டிக் கொடுப்பார்கள். நைலான் வழுக்கும், மடித்த இடத்தில் நிற்காது, வெட்டினால் நுனி பிரிந்து பறக்கும். தேங்காய் நார்க்கயிறும் ஆகாது. கையைக் குத்தும், முடிச்சு அதன்மேல் நழுவாது.

புதுக் கயிறு விறைப்பாக இருக்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே தனியாக ஒரு நூல் திரி ஓடுவது தெரியும். ஒரு பக்கம் அந்தத் திரியைப் பிடித்துக்கொண்டு, மேல் உறையைச் சுருக்கிச் சுருக்கித் தள்ளி, திரியை உருவி எறிந்துவிடுங்கள். பிறகு வெந்நீரில் அலசி நிழலில் காயப் போட்டால் கஞ்சி போய்விடும். கயிறு சொன்ன பேச்சுக் கேட்கும். நுனி பிரியாமல் இருக்க வெள்ளை நூலால் நாலு தையல் போடலாம், அல்லது வெள்ளைப் பசையில் தொட்டு உலர்த்தலாம். ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாவாடை நாடாவே போதும்.

கத்தரி நல்ல தையல் கத்தரியாக இருக்க வேண்டும். மொட்டைக் கத்தரி கயிற்றை மென்று துப்பும். ஒரே வெட்டில் போகவில்லையென்றால் அந்த வித்தைக்குக் களையே வராது.

சரி, எப்படிச் செய்வது?

ரகசியம் ஒரே வரி: நடுவில் வெட்டுவதாகக் காட்டி, நுனிக்குப் பக்கத்தில் வெட்டுகிறீர்கள். மற்றதெல்லாம் அதை மறைக்கும் வேலை.

கயிற்றின் இரண்டு நுனிகளையும் இடது கையில் பிடியுங்கள். உள்ளங்கை உங்களைப் பார்த்து, விரல்களின் புறப்பக்கம் ஆட்களைப் பார்த்து இருக்க வேண்டும். நுனிகள் இரண்டும் கைக்கு மேலே நாலு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கட்டும். கயிறு கீழே ஊஞ்சல் மாதிரி தொங்கும்.

இப்போது வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அந்த ஊஞ்சல் வளைவுக்குள் விட்டு, நடுப்பகுதியை மேலே தூக்குங்கள். பார்ப்பவர்கள் கண்ணுக்கு, நடுவைத் தூக்கி இடது கைக்குக் கொண்டுபோகிறீர்கள். அது நிஜமும்கூட. இடது விரல்களுக்குப் பின்னால் வந்ததும்தான் வேலை. நடு வளைவு வலது விரல்களின் மேல் கிடக்கும்போதே, அந்த விரல்களின் முனையால், வலப்பக்க நுனியிலிருந்து இறங்கும் கயிற்றை, இடது கைப் பிடிக்குச் சற்றுக் கீழே, கிள்ளிப் பிடியுங்கள். அதை அப்படியே அந்த வளைவுக்குள்ளாக மேலே இழுங்கள். நிஜமான நடு, விரல்களிலிருந்து நழுவி இந்தப் புது வளையத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடும். இடது கட்டைவிரல் அந்தச் சந்திப்பை அமுக்கி மூடிக்கொள்ள வேண்டும். மேலே தலைநீட்டி நிற்பது புது வளையம். பார்ப்பவர்களுக்கு அதுதான் கயிற்றின் நடு.

வளையத்தின் உச்சியில் வெட்டுங்கள். இப்போது கைக்கு மேலே நாலு நுனி தெரியும். இதில் இரண்டு நுனி ஒரு சாண்கூட இல்லாத சின்னத் துண்டுடையது. மற்ற இரண்டும் நீளக் கயிற்றுடையவை. நீளக் கயிற்றின் நுனிகள் இரண்டையும் விட்டுவிடுங்கள், கீழே விழட்டும். கையில் இரண்டு கயிறு பிடித்திருப்பது போலவே தெரியும். உண்மையில் சின்னத் துண்டு நீளக் கயிற்றின் நடுவில் கொக்கி போட்டுத் தொங்குகிறது. அந்தச் சின்னத் துண்டின் இரண்டு நுனிகளையும் சேர்த்து, நீளக் கயிற்றைச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுங்கள். பிறகு கயிற்றின் இரு பக்கமும் பிடித்து விரித்துக் காட்டினால், இரண்டு துண்டை இணைத்த முடிச்சு என்று எந்த ஊரிலும் நம்புவார்கள்.

படித்தால் சிக்கலாகத் தோன்றும். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை வரி வரியாகப் படியுங்கள்.

போட்ட முடிச்சு எப்படிக் காணாமல் போகிறது?

இரண்டு வழி உண்டு. முதலாவது, கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டே போங்கள். சுற்றும்போது வலது கைக்குள் கயிறு ஓடும், முடிச்சு வலது கைக்குள்ளேயே தங்கி, கடைசியில் நுனி வழியாகக் கழன்று உள்ளங்கையில் நின்றுவிடும். அதனால் முடிச்சை இறுக்கிப் போடக் கூடாது. நழுவுகிற அளவுக்கு இருக்கட்டும்.

அந்த முடிச்சை என்ன செய்வது என்றுதான் எல்லோரும் முழிப்பார்கள். கால்சட்டை போட்டவர்கள் பையில் போட்டுவிடுவார்கள். நம்மூர் விசேஷத்துக்கு வேட்டி கட்டிக்கொண்டு நின்றால் பை ஏது? சட்டைப் பைக்குக் கை போனால் எல்லாக் கண்ணும் அங்கே போகும். நான் சொல்வது கொட்டான், ஓலையில் முடைந்த கூடை. பனையோலைக் கொட்டான் ஒன்றைப் பக்கத்து ஸ்டூலில் வைத்து, அதற்குள் கத்தரியை வையுங்கள். கயிற்றைச் சுற்றி முடித்ததும் கத்தரியை எடுக்கக் கை உள்ளே போகிறது, முடிச்சு அங்கே இறங்குகிறது, கத்தரியோடு கை வெளியே வருகிறது. சுற்றிய கயிற்றின் மேல் கத்தரியால் மூன்று தட்டு. யாருக்கும் சந்தேகம் வராது, ஏனென்றால் கை ஒரு காரணத்தோடு போனது. வெளியே வரும்போது கை வெறுங்கையாக வராமல் இருப்பது முக்கியம்.

இரண்டாவது வழி, முடிச்சைக் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டே போவது. ‘முடிச்சு பெரிசா இருக்கு, கொஞ்சம் அழகு பண்ணுவோம்’ என்று நறுக்க நறுக்க, முடிச்சே இல்லாமல் போகும். சிரிப்பு வரும், பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும். துணுக்குகள் கொட்டானுக்குள் விழுகிற மாதிரி பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடவையும் கயிறு குறைகிறதே, பழகுவதற்கே பத்து மீட்டர் ஆகுமா?

பழகும்போது வெட்டவே வேண்டாம். வளையத்தை மேலே இழுக்கும் அந்த ஒரு அசைவை மட்டும் செய்து, கலைத்து, மறுபடி செய்யுங்கள். கை பார்க்காமல் செய்ய வந்த பிறகு வெட்டிப் பார்க்கலாம். அதற்கும் பழைய துணிக்கொடி போதும்.

கண்ணாடி முன் பழகுவது ஆரம்பத்துக்கு நல்லது. ஆனால் கண்ணாடியில் ஒரு ஆபத்து உண்டு: நீங்கள் மறைக்கிற நொடியில் உங்களை அறியாமலே கண் சிமிட்டிவிடுவீர்கள், தப்பு தெரியாது. செல்போனைச் சாய்த்து வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள். அது பொய் சொல்லாது. இன்னொன்று, கையைப் பார்க்காதீர்கள். நீங்கள் எங்கே பார்க்கிறீர்களோ அங்கேதான் ஆட்களும் பார்ப்பார்கள். வளையத்தை இழுக்கும்போது எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து ஏதாவது கேளுங்கள்.

எங்கள் வீட்டு வளவில் செய்து காட்டலாமா?

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் எந்த மேஜிக் புத்தகத்திலும் இதற்குப் பதில் இருக்காது. அந்தப் புத்தகங்கள் மேடைக்கு எழுதியவை. மேடையில் ஆட்கள் எதிரே மட்டும் இருப்பார்கள். செட்டிநாட்டு வளவில் நடுவே திறந்த முற்றம், நாலு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரம். விசேஷ வீட்டில் நாலு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். மாடி இருந்தால் பிள்ளைகள் மேலே இருந்தும் எட்டிப் பார்ப்பார்கள். இந்த வித்தையை உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்தோ தலைக்கு மேலிருந்தோ பார்த்தால் ரகசியம் அப்பட்டமாகத் தெரியும். முற்றத்து நடுவில் போய் நின்றால் கதை முடிந்தது.

ஆகவே முதலில் இடம் பாருங்கள். தாழ்வாரத்தின் ஒரு மூலையில், இரண்டு சுவரும் சேரும் இடத்தில், முதுகைச் சுவருக்குக் கொடுத்து நில்லுங்கள். ஆட்களை எதிரே வந்து உட்காரச் சொல்லுங்கள். ‘ஆச்சி, நீங்க இப்படி முன்னால வந்து உட்காருங்க, நல்லாத் தெரியும்’ என்றால் சந்தோஷமாக வருவார்கள். மாடியில் இருக்கும் பிள்ளைகளைக் கீழே இறக்கி முன்வரிசையில் தரையில் உட்கார வையுங்கள். இறங்க மாட்டேன் என்றால் ஆரம்பிக்காதீர்கள்.

அடுத்தது கண்ணாடி. பெரிய வீடுகளில் முகப்பிலும் கல்யாணக் கொட்டகையிலும் பெல்ஜியம் கண்ணாடிகள் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கும். அதற்கு முன்னால் நின்றால், எதிரே இருப்பவருக்கு உங்கள் முன்பக்கம் நேரிலும் பின்பக்கம் கண்ணாடியிலும் தெரியும். நாற்புறமும் காட்டிக்கொடுக்கும். கண்ணாடி உங்களுக்கு எதிர்ச்சுவரில் இருந்தால் பரவாயில்லை. பக்கவாட்டில் இருந்தால் ஒரு முறை உட்கார்ந்து பார்த்துச் சரிசெய்யுங்கள். வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவரும், மெருகேறிய ஆத்தங்குடிக் கல் தரையும்கூடக் கொஞ்சம் பிரதிபலிக்கும், ஆனால் அதில் விரல் அசைவு தெரியும் அளவுக்கு இராது. தரையில் கவனிக்க வேண்டியது வேறு: சிவப்பு, பச்சைப் பூப்போட்ட கல்லில் வெள்ளைக் கயிற்றுத் துண்டு விழுந்தால் பளிச்சென்று தெரியும்.

உச்சிவேளையில் முற்றத்து வெளிச்சம் நேராக இறங்கும். கையின் நிழல் உங்கள் வேட்டியில் விழும். காலை பத்து மணிக்கு முன்னாலோ, விளக்கு வைத்த பிறகோ நல்லது.

திண்ணையில் செய்யலாமா என்றும் கேட்பார்கள். சுவரோரம் நீங்கள் உட்கார்ந்து, தெருப்பக்கம் ஆட்கள் நின்றால் அதைவிடத் தோதான இடம் கிடையாது.

எங்கள் ஆயா ‘கயிறு குறைஞ்சிருக்கு’ என்று சொல்லிவிட்டார். என்ன செய்ய?

ஆயாக்கள் அப்படித்தான். நம்மூர் ஆச்சிமாரில் கொட்டான் முடைந்தவர்கள், பூ முழம் போட்டு வாங்கிப் பழகியவர்கள் நிறைய. ஒரு சாண் குறைந்தால் கண் அளந்துவிடும். வித்தைக்கு முன்னால் கயிற்றை முழு நீளத்துக்கு விரித்து நிதானமாகக் காட்டாதீர்கள். பாதியாக மடித்த நிலையிலேயே எடுங்கள். ஒரே கயிறு என்பதைக் காட்ட, மடித்ததை ஒரு நொடி அவிழ்த்து மறுபடி மடித்தால் போதும். யாராவது முழம் போட்டுப் பார்க்கக் கேட்டால், வித்தை முடிந்த பிறகு கயிற்றைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, வெட்டுவதற்கு முந்தைய அளவு அவர்களிடம் இல்லையே!

கல்யாணத்தில் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, ஆட்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில். கழுத்துரு (செட்டிநாட்டுத் தாலி) கட்டும் வீட்டில் கயிற்றை வெட்டுவதும், அறுந்தது என்று சொல்வதும் பெரியவர்கள் சிலருக்கு மனசில் தைக்கும். அவர்களோடு வாதாடி என்ன ஆகப்போகிறது? கல்யாண வீட்டில் வெட்டாத வித்தையைச் செய்யுங்கள், அடுத்த பதிலில் சொல்கிறேன். சாந்திக் கல்யாணத்துக்கும், அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கும், இதேதான். மஞ்சள் தடவிய கயிறு, சாமிக்குக் கட்டிய கயிறு, பிள்ளையார் நோன்பு இழை, இவை எதையும் வித்தைக்குத் தொடாதீர்கள்.

வெட்டாமல் செய்யும் கயிற்று வித்தை உண்டா?

மூன்று கயிறு வித்தை. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று கயிறு. மூன்றும் கண்முன்னே ஒரே நீளமாகிவிடும், பிறகு மறுபடி வேறு வேறாகிவிடும். இது 1950களில் பாப் கார்வர் என்ற மேஜிக்காரர் பேரில் பரவியது. அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: சின்னதையும் பெரியதையும் கூட்டினால் நடுத்தரத்தைப் போல இரண்டு மடங்கு வர வேண்டும். 25, 65, 105 சென்டிமீட்டர் என்று வெட்டிக்கொள்ளுங்கள். பெரியதைச் சின்னதற்குள் கொக்கியாக மாட்டி, மாட்டிய இடத்தைக் கைக்குள் மறைத்தால், நுனிகளெல்லாம் ஒரே அளவில் தொங்கும். மேலே படித்த அதே கொக்கிதான். ஆகவே முதல் வித்தை கை வந்தவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

இதற்கு நம்மூரில் சொல்ல ஒரு பேச்சு இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்களுக்கு அமையாது. மூன்று கயிறும் மூன்று பங்காளிகள். ஒருத்தர் ரங்கூன் போய்ச் சம்பாதித்தவர், ஒருத்தர் ஊரோடு இருந்தவர், ஒருத்தருக்குக் கிடைத்தது ரெட்டைவீட்டில் ஒரு அறை. பெரியவர்கள் கூடிப் பேசி மூன்று பேருக்கும் சமபங்கு என்று முடிவு செய்கிறார்கள். கயிறு மூன்றும் சமமாகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். ‘சரி, கையெழுத்துப் போடலாம்னு பத்திர ஆபீசுக்குப் போனாங்க…’ என்று சொல்லிக்கொண்டே கயிறுகளைப் பிரித்துக் காட்டுங்கள். பூட்டிக் கிடக்கும் பங்காளி வீட்டுச் சாவி யாரிடம் என்று தெரியாத குடும்பம் எந்தக் கூட்டத்திலும் நாலு இருக்கும். சிரிப்பு அங்கேயிருந்துதான் முதலில் கிளம்பும். நிஜமாகவே வழக்கு நடக்கும் வீடு என்றால் மட்டும் இந்தப் பேச்சை மாற்றிக்கொள்ளுங்கள்.

கயிறு வானத்தில் நிற்க, பையன் ஏறி மறைவானே, அதைச் சொல்லித்தருவீர்களா?

வாரத்துக்கு ஒருத்தராவது கேட்கிறார்கள். அந்த வித்தை உலகம் முழுக்கப் புகழ் பெற்றது 1890-இல், ஒரு சிகாகோ பத்திரிகையில் வந்த கட்டுரையால். சில மாதம் கழித்து அந்தப் பத்திரிகையே அது கட்டிவிட்ட கதை என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை யாரும் படிக்கவில்லை. 1934-இல் லண்டன் மேஜிக்காரர்களின் சங்கமான மேஜிக் சர்க்கிள், இதை வெட்டவெளியில் செய்து காட்டுகிறவருக்கு 500 கினி (இங்கிலாந்தின் பழைய பணக் கணக்கு) பரிசு என்று அறிவித்தது. பரிசு அவர்களிடமே தங்கிவிட்டது.

ஆனால் கயிற்றில் ஏறும் மாயக்காரன் என்ற எண்ணம் பத்திரிகைக்காரர் கற்பனை இல்லை. ஆதிசங்கரர் பிரம்ம சூத்திர பாஷ்யத்தில், வாளும் கேடயமும் ஏந்திக் கயிற்றில் வானேறும் மாயாவியை உவமை காட்டுகிறார். ஏறுவதாகத் தெரிபவன் ஒருவன், தரையில் நிற்கும் நிஜ மாயாவி இன்னொருவன் என்கிறார். எனவே கேள்விப்பட்டது ரொம்பப் பழசு. செய்து காட்ட நம்மிடம் இருப்பது ஒன்றரை மீட்டர் கொடிக்கயிறுதான்.

எத்தனை வயதில் ஆரம்பிக்கலாம்?

எட்டு வயதுக்கு மேல் கை ஒத்துழைக்கும். கத்தரியைப் பெரியவர் யாராவது பிடிக்கட்டும். பார்ப்பவரையே வெட்டச் சொன்னால் நம்பிக்கையும் கூடும்.

கழுத்தில் கயிறு சுற்றி ‘கழுத்து வழியாக வந்துவிட்டது’ என்று காட்டும் வித்தை ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர மாட்டேன், நீங்களும் தராதீர்கள். ஒரு பிள்ளை பார்த்ததைத் தம்பி கழுத்தில் செய்து பார்க்கும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

நான் இடது கைக்காரன்.

எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுச் செய்யுங்கள். கத்தரி மட்டும் இடது கைக் கத்தரியாக இல்லாவிட்டால் வெட்டு வழுக்கும்.

‘இன்னொரு தடவை செய்ங்க’ என்று விடாமல் கேட்டால்?

அதே வித்தையை அதே ஆட்களிடம் உடனே செய்யக் கூடாது. முதல் தடவை என்ன வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது, அதனால் எங்கே பார்ப்பது என்றும் தெரியாது. இரண்டாவது தடவை இரண்டும் தெரியும். மூன்று கயிற்றை எடுத்துவிடுங்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டால்?

வளையம் நழுவி விழுந்துவிட்டால், வெட்டுவதற்கு முன் என்றால் ஒன்றும் ஆகவில்லை. கயிற்றை உதறி, ‘கயிறு இன்னிக்கு முறுக்கிக்கிட்டு நிக்குது’ என்று மறுபடி மடியுங்கள். வெட்டிய பிறகு சின்னத் துண்டு கீழே விழுந்துவிட்டால், அதையே எடுத்துக் காட்டி, ‘இதுக்குத்தான் கொத்தனாருக்குக் கூலி குறைச்சுக் கொடுக்கக் கூடாதுங்கறது’ என்று ஏதாவது சொல்லி, மூன்று கயிற்றுக்கு மாறிவிடுங்கள். எப்போதும் இன்னொரு ஒன்றரை மீட்டர் கயிறு கொட்டானுக்குள் தயாராக இருக்கட்டும். முன்வரிசையில் ஒரு மருமகப்பிள்ளை ‘எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்’ என்று துள்ளினால், கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, கயிற்றின் ஒரு நுனியைப் பிடிக்கக் கொடுத்து, காதில் ‘முடிஞ்சதும் உனக்குச் சொல்லித்தர்றேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி சொல்லியும் கொடுங்கள்.